நாற்பத்தொன்பது என்று எழுதியிருந்த தண்டு

அன்று கப்பலின் இயந்திர அறையில் நாலு பேர் நின்றோம்: கப்பலின் பொறியியல் அதிகாரி, எங்கள் பட்டறை முதலாளி, லேத்தில் கடைசல் வேலை செய்யும், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் மூதூர் முஸ்லிம் பெரியவர், பட்டறையின் இஞ்சினியரான நான். நிற்க வேண்டிய ஒருவர் இல்லை. உதிரிப்பாகங்களை விற்ற கொழும்பு முகவர் தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை.

அது கடற்படைக்கு எண்ணெயும் தண்ணீரும் சாமானும் ஏற்றிப்போகும் விநியோகக் கப்பல். இயந்திரத்தைக் குளிர வைக்கும் கடல்நீர்ப் பம்ப் ஒழுகியது. தண்டைச் சுற்றி இறுக்கமாக நின்று தாங்கவேண்டிய வளையம் புஷ்; புதிதாக வந்த வெண்கலப் புஷ்ஷைப் பம்பின் தண்டில் போட்டால் மெலிந்த கையில் வளையல் போல ஆடியது. பெட்டியில் இருந்த இலக்கம் சரி. தண்டு தேய்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்று அதிகாரி சிங்களத்தில் சொன்னார். புதுத் தண்டு வர மூன்று மாதம். அதுவரை கப்பல் துறையிலேயே கட்டிக் கிடக்கும்.

எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு முழு மில்லிமீற்றர் அப்படிச் சீராகத் தேயாது. பழைய திருத்தவேலைப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கி, சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தேன். மூன்றாவது புத்தகத்தில் விடை இருந்தது. முன்பொரு திருத்தத்தில் தண்டை அரைத்து, ஐம்பது மில்லிமீற்றரை நாற்பத்தொன்பது ஆக்கி, அதற்கேற்ற புஷ் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகும் களஞ்சியத்துக்கு வாங்கிய புஷ்ஷெல்லாம் ஐம்பதுதான். அலுமாரியில் மூன்று சோடி, எண்ணெய்த்தாள் பிரிக்காமலே கிடந்தன.

"தண்டு நல்லாத்தான் இருக்கு. புஷ்ஷை நாங்களே கடைவம்," என்றேன்.

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். பம்ப் சூடேறி நின்றால் பொறுப்புப் பட்டறைக்கு.

"பிழைச்சா துறைமுகத்துக்குள்ள வேலை செய்யிற பாஸ் போயிடும், தெரியுமே?" என்றார் முதலாளி. "ஆர் கையெழுத்து வைக்கிறது?"

"நான் வைக்கிறன்."

"பார்த்து வை தம்பி," என்று காக்கா சிரித்தார். "படிச்ச ஆக்கள்ட கையெழுத்த பிறகு அழிக்க ஏலாது."

எங்கள் வீட்டில் பெருவிரலில் மை தடவி அடையாளம் வைக்காமல் ஒரு தாளில் பெயர் எழுதிய முதல் ஆள் நான். முழுப்பெயரையும் எழுதினேன்.

பட்டறையில் காக்கா அளவைக் கேட்டார்.

"நாப்பத்தொன்பது. புத்தகத்தில இருக்கு."

மாலைக்குள் ஒரு சோடி கடைந்து தந்தார். அடுத்த நாள் காலை தண்டில் போட்டோம். முன்னைவிடக் குறைவுதான், ஆனாலும் ஆடியது.

"புத்தகத்தில எழுதின நாளில இருந்து தண்டு நித்திரையோ கொண்டது?" என்றார் காக்கா. "இஞ்சினியர் ஐயா, மைக்ரோமீற்றர் உங்கட பொக்கற்றுக்குள்ளதான் கிடக்கு."

முகம் சுட்டது. ஆனால் தண்டில் பிழையில்லை, அளவில்தான் பிழை என்பது அப்போதும் எனக்கு உறுதி. மூன்று இடத்தில் அளந்தேன். மூன்றிலும் நாற்பத்தெட்டுத் தசம் எட்டு. அதற்கேற்ப இரண்டாவது சோடி கடையப்பட்டது.

பம்பை ஆறு மணித்தியாலம் ஓட விட்டோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதிகாரி தன் உள்ளங்கையைப் பம்பின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே தானும் வைத்தார். பதிவேட்டில் புதிய அளவை நானே எழுதினேன். கப்பல் அந்தக் கிழமையே புறப்பட்டது.

பில்லில் ஒரு சோடியைத்தான் முதலாளி போட்டார். வீணான முதல் சோடிக்குப் பட்டறையின் கையிலிருந்து போனது பதினோராயிரத்து நானூறு ரூபா.