மூன்று வருஷம் நான் மிதித்த மெழுகுவர்த்தி

வேதமுத்து உபதேசியார் இறந்த செய்தி எனக்குக் குற்றாலத்தில் கிடைத்தது. ஐப்பசி மழையில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது ஊரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய பக்கத்து வீட்டு எஸ்தர் ஓடி வந்து, "ஏட்டி, உபதேசியார் போயிட்டாராம்" என்றாள். "போனா போகட்டும்" என்றேன். வாயில் வந்தது அதுதான். மழுப்பிப் பேச எனக்கு வராது.

தென்காசிச் சபையாரே, அடக்கத்தன்று நீங்கள் அழுததைப் பார்த்தேன். அதில் பாதி வேஷம். அவருக்கு யார் யார் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். முன்னின்று செய்தவளே நான்தான்.

என் அண்ணன் சாமுவேல் சீனச் சண்டையில் செத்தான். உடல் வரவில்லை. தந்தி வந்த அன்று அம்மா விழுந்து கிடந்தபோது, எங்கள் அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சியவர் உபதேசியார். அதை நான் மறுக்கவில்லை. போருக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காகக் கல்லறைத் தோட்டத்து மூலையில் ஒரு மரச்சிலுவை நட்டவரும் அவர்தான். கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் தங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்துப் பூப்போடுவார்கள். கல்லறை இல்லாத நாங்கள் அந்தச் சிலுவையடியில் வீட்டுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம்.

முதல் வருஷமே வினை வந்தது. எல்லோரும் ஏற்றிய பிறகு உபதேசியார் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து ஏற்றினார்.

"இது யாருக்கு?" என்றேன்.

"அந்தப் பக்கம் செத்தவனுக்கு, டீச்சர். அவனுக்கும் ஒரு அம்மா அழுதுக்கிட்டுத்தான இருப்பா."

"எங்க அண்ணனக் கொன்னவனுக்கா? அதுவும் எங்கம்மா முன்னாலயா?"

செருப்புக் காலால் மிதித்தேன். அவர் குனிந்து, மண்ணைத் துடைத்து, மறுபடி ஏற்றினார். "மிதிச்சுக்கோங்க டீச்சர். ஒங்க வயித்தெரிச்சல் எனக்குத் தெரியுது" என்றார். என்ன தெரியும் உமக்கு, பிள்ளையா குட்டியா என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன். வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் அவரும் அவர் மனைவியும். பிள்ளை இல்லாதவர்கள் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. அவர் மெழுகுவர்த்தியைக் காற்றுக்குக் கை மறைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் குருவானவருக்கு மனு எழுதினேன். எதிரிக்கு விளக்கேற்றுகிறவர் நமக்குப் பிரசங்கம் செய்யக் கூடாது என்று. உங்களில் எத்தனை பேர் போட்டி போட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள்! பிரசங்கம் பறிபோயிற்று, மணியடிப்பதும் பாய் விரிப்பதும் அவருக்கு மிஞ்சின. கோயில் வாசலில் என்னைக் கண்டு, "மனுவப் பாத்தேன் டீச்சர். எழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். அந்தக் குரலில் குத்தலே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அடுத்த இரண்டு வருஷமும் அவர் ஏற்றினார், நான் மிதித்தேன்.

அடக்கம் முடிந்ததும் உபதேசியாரம்மாவிடம் ஒப்புக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். சுவரில் பட்டாளத்து உடுப்பில் ஒரு பையன் படம். பெட்டிக்குள் கிடந்ததை அன்றுதான் எடுத்து மாட்டியிருக்கிறார்.

"எங்க ராஜமணி. பர்மாச் சண்டையில போயிட்டான்" என்றார். "வருசா வருசம் அவனுக்குன்னு நாந்தான் மெழுகுவத்தி வாங்கிக் குடுப்பேன். இவங்க அத அந்தப் பக்கத்தானுக்கு ஏத்திட்டு வருவாங்க. கேட்டா, 'நம்ம பய கையாலயும் எவனாவது செத்திருப்பான்லா, அவனுக்கு இங்கன யாரு ஏத்துவா'ம்பாங்க."

அடப்பாவி மனுஷா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கால் கூசியிருக்காதா? உம்முடைய மகனின் மெழுகுவர்த்தியை மூன்று வருஷம் என்னை மிதிக்க விட்டீரே. இதற்கு மட்டும் உம்மை நான் மன்னிப்பதாக இல்லை.

நேற்று கல்லறைத் திருநாள். இரண்டு மெழுகுவர்த்தி வாங்கிப் போனேன். ஒன்று அண்ணனுக்கு. மற்றதை ராஜமணிக்கு ஏற்றியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும், உபதேசியார் ஒப்பமாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தானுக்கே ஏற்றினேன். தூறலில் இரண்டு தரம் அணைந்தது. மூன்றாம் தரம் குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு நான் நனைந்தேன். உங்களில் சிலர் முகத்தைச் சுளித்ததைக் கவனித்தேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது இந்த ஒரு மெழுகுவர்த்திதான். அடுத்த வருஷமும் ஏற்றுவேன். மிதிக்க நினைக்கிறவர்கள் தாராளமாக வாருங்கள். நான் அங்கேதான் நிற்பேன்.