கேட்டுக்கு அடியில் மாப்பிள்ளை

ரயில்வே கேட் மூடியிருக்கும்போது குனிந்து நுழையாதீர்கள் என்று நோட்டீஸ் அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தவன் நான். சட்டைப்பை நிறைய அந்த நோட்டீஸோடு, அதே கேட்டுக்கு அடியில் ஸ்கூட்டரோடு மாட்டிக்கொண்டவனும் நான்தான்.

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் நகர் நலச்சங்கத்துக்கு நான் பாதுகாப்புச் செயலாளர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் கை தூக்கவில்லை. எங்கள் கேட்டை மூடியதும் இரண்டு பக்கத்து வண்டிகளும் சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு, கபடி டீம் மாதிரி எதிரெதிரே நிற்கும். திறந்தால் தண்டவாளத்தின் நடுவில் முட்டிக்கொள்ளும். அடுத்த ரயிலுக்கு கேட்டை மூட முடியாமல் கேட் கீப்பர் தலையில் அடித்துக்கொள்வார்.

நான் சுண்ணாம்பால் நடுக்கோடு போட்டேன். ஞாயிறு தோறும் விசில் ஊதி எல்லோரையும் இடது பக்கம் தள்ளினேன். குனிந்து நுழைகிறவர்கள் கையில் நோட்டீஸைத் திணித்தேன். கோடு வேலை செய்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஒரு ஞாயிறு செம்பாக்கத்துக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். அதற்கு முன் ஏழு வீடுகளில் பஜ்ஜி தின்றும் ஒன்றும் அமையவில்லை. இதுவும் போனால் ஜாதகத்தை மடித்து வைத்துவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். அப்பாவும் அம்மாவும் ஆட்டோவில் முன்னால் போய்விட்டார்கள். நாலரைக்கு ராகுகாலம். நான் விசில் ஊதும் மும்முரத்தில் நேரத்தைக் கோட்டைவிட்டு, ஓடிப்போய் பவுடர் அடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தால் நாலு இருபது. கேட் மூடியிருந்தது.

சைக்கிளைச் சாய்த்து நுழைகிறார்களே, ஸ்கூட்டர் என்ன பாவம் செய்தது? சாய்த்தேன். பாதி நுழைந்ததும் கேட்டில் தொங்கிய கம்பிகளுக்குள் வண்டியின் கண்ணாடி சிக்கிக்கொண்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. பேண்ட்டில் பெட்ரோல் சொட்டியது.

கேட் கீப்பர் பச்சைக்கொடியோடு ஓடிவந்தார். "யாரு? நம்ம நோட்டீஸ் சாரா? இன்னா சார், நீயே பூந்துகினு வர்ற?"

"அவசரம்ண்ணா. பொண்ணு பாக்கப் போறேன்."

"உசுரோட போனாத்தான் சார் பொண்ண காட்டுவாங்க."

கண்ணாடியை ஒரே திருகில் பிடுங்கி, வண்டியோடு என்னையும் வெளியே இழுத்துப் போட்டார். பையிலிருந்து சிதறிய நோட்டீஸில் ஒன்றை ஒரு சைக்கிள்காரர் எடுத்து உரக்க வாசிக்க, வரிக்கு வரி கூட்டம் கைதட்டியது. அடக்கமுடியாமல் நானும் சிரித்தேன்.

ரயில் போய் கேட் திறந்தது. எதிர்ப்பக்கம், என் கோட்டுக்கு மரியாதையாக இடது ஓரத்தில், சைக்கிளோடு ஒரு பெரியவர். கையில் என் போட்டோ. மாப்பிள்ளையைக் காணோமே என்று தேடிவந்த பெண்ணின் அப்பா.

"வாங்க தம்பி," என்றார். "எல்லாம் பாத்துட்டேன்."

ராகுகாலத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். எனக்குக் கேசரி வருவதற்குள் விஷயம் சமையலறைக்குப் போய்விட்டது. பெண்ணும் நானும் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். பெட்ரோல் வாசனைக்கு ஜன்னலைத் திறந்துவிட்டு அவள் சொன்னாள்:

"எனக்கு விதவையாக இஷ்டமில்லங்க. கேட் போட்டா நிக்கிற ஆளா இருந்தா மட்டும் சரின்னு சொல்லி அனுப்புங்க."