மூன்றாம் கியரில் ஓர் ஊளை

சூடான கியர் ஆயில் வாசனை வந்தாலே எனக்குத் தாஸ் முகம்தான் நினைவுக்கு வருகிறது. என் பழைய அம்பாசிடருக்கு, வேறொரு வண்டியின் ஐந்து கியர் பெட்டியைத் தேடிப் பொருத்திக் கொடுத்த கோடம்பாக்கம் மெக்கானிக் அவர்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்தபோது, கியர் ஆயிலையும் நானே மாற்றினேன். முன்பிருந்த நாலு கியர் பெட்டிக்கு ஊற்றிய அதே அளவுதான் ஊற்றினேன். மறுவாரம் அடையாறு பாலத்தில், மூன்றாம் கியரில், வண்டி ஊளையிட்டது.

நேரே தாஸிடம் போனேன்.

"ஆயில் எதனா மாத்துனியா சார்?"

வீம்பில் இல்லை என்றேன். "காயலான் கடைப் பெட்டிய என் தலைல கட்டிட்டியே!" என்று, காத்திருந்த நாலு பேர் முன்னால் கத்தினேன்.

கே.கே. நகரில் இன்னொரு மெக்கானிக் பெட்டியைத் திறந்து பார்த்தார். இந்தப் பெட்டிக்கு வேண்டிய ஆயிலில் பாதிகூட இல்லை. பற்கள் தேய்ந்திருந்தன.

இப்போதெல்லாம் வண்டியின் குறையைச் சொல்லும் முன், நான் கை வைத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தாஸிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் ஷெட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். ஷட்டரை இறக்கிவிட்டுச் சொன்னார்:

"பொட்டி போனா வேற பொட்டி கிடைக்கும், வுடு சார். அன்னிக்கு நின்னுக்கினு இருந்தாங்களே நாலு பேரு, அவங்க அப்பால வரவே இல்ல."