ஐம்பது மீட்டர் கடிகாரம்

என் தங்கைக்கு நிச்சயம் முடிந்த கொஞ்ச நாளில் துபாயிலிருந்து ஒரு ஸ்மார்ட் வாட்ச் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையாக இருந்தவன் அங்கே ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தான். அப்போது அவனை எல்லோரும் ‘அவர்’ என்றுதான் சொன்னோம். இப்போது எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை.

கறுப்பு ரப்பர் பட்டை, சதுர முகம். பெட்டியின் மேல் ஒரு பெண் நீலத் தண்ணீருக்குள் தலைகீழாகப் பாய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஐம்பது மீட்டர் என்று கொட்டை எழுத்து. பாகூர் கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருக்கும் எங்கள் அத்தா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நம்ம ஏரி முழுசா ரொம்பினாலும் அவ்வளவு ஆழம் வராதே என்று சிரித்தார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தங்கையின் கையைக் காட்டினாள்.

போனில் அதற்கான ஆப்பை எப்படிப் போடுவது என்று வீடியோ காலில் அவன்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். பாஸ்வேர்டும் அவன் வைத்ததே. அதே கணக்கைத் தன் போனிலும் திறந்து வைத்துக்கொண்டான். எத்தனை அடி நடந்தாள், எப்போது தூங்கினாள், இதயம் எப்படி அடிக்கிறது எல்லாம் அவனுக்கும் தெரியும். அக்கறை என்றுதான் நாங்களும் நினைத்தோம். கழட்டவே வேண்டாம், தண்ணீரில் ஒன்றும் ஆகாது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். குரலை உயர்த்தி அவன் பேசி நான் கேட்டதில்லை. பஞ்சில் சுற்றி வைத்த மாதிரி ஒரு குரல்.

தங்கைக்கு நாள் முழுக்கத் தண்ணீரோடுதான் வேலை. அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் பாத்திரம், துணி, மீன் கழுவுவது எல்லாம் அவள் கையில். போதாததற்கு ஐந்து வேளைத் தொழுகைக்கும் கை, முகம், கால் கழுவி ஒளு செய்ய வேண்டும். முழங்கை வரைக்கும் தோலில் தண்ணீர் பட வேண்டும் என்பதால் முதலில் வாட்சைக் கழட்டி வைத்துவிட்டுத்தான் செய்திருக்கிறாள். இடையிடையே கணக்கு அறுந்துபோகிறதே என்று அவன் கேட்டான். காரணத்தைச் சொன்னாள். மேலே ஏற்றி விட்டுக்கொண்டு தண்ணீர் விடு, அப்புறம் கீழே இறக்கிக்கொள் என்றான். கழட்டினால் மறந்துவிடுவாயாம். அவளும் அப்படியே செய்தாள்.

நான் வாழ்க்கைப்பட்டது வில்லியனூரில். மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் கொஞ்ச காலம் பாகூர் பக்கம் போக முடியவில்லை. போனபோது தங்கை கொல்லையில் குழாயடியில் சங்கரா மீன் அலசிக்கொண்டிருந்தாள். கூட உட்கார்ந்தேன். ஒரு நாற்றம் வந்தது. மீன் நாற்றம் எனக்குப் பழக்கம், இது வேறு. ஈரத்தோடு சுருட்டி மூலையில் போட்டு மறந்துபோன தரைத்துணியின் நாற்றம். அவள் கையை நீட்டும்போதெல்லாம் அது என் முகத்துக்கு வந்தது.

“கழட்டுடி அத” என்றேன்.

“வேணாங்க்கா. போன் வரும்.”

கையைப் பிடித்து நானே பட்டையை அவிழ்த்தேன். அது தோலோடு ஒட்டியிருந்து, உரிந்து வருகிற மாதிரி வந்தது. அடியில் தோல் வெளுத்து ஊறிப்போய்ச் சுருங்கியிருந்தது. சதுரமாக ஒரு சிவப்பு, அதன் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளங்கள், இரண்டு உடைந்து நீர் கசிந்தது. பட்டையின் துளைகளில் சோப்பும் அழுக்கும் செத்த தோலும் சேர்ந்து பழுப்பாகக் குழைந்து கிடந்தன. பக்கவாட்டுப் பொத்தானின் இடுக்கில் ஒரு மீன் செதில். அத்தனைக்கும் நடுவில் அதன் அடிவயிற்றில் பச்சை வெளிச்சம் விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. அதைத் துவைக்கிற கல்லின் மேல் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

மீனை நாங்கள் உள்ளே கொண்டுபோவதற்குள் போன் வந்தது. ஏன் கழட்டினாய் என்று கேட்டான். அக்கா வந்திருக்கிறாள் என்று இவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே புண்கையால் வாட்சைத் துடைத்து மறுபடியும் கட்டிக்கொண்டதைப் பார்த்தேன்.

அன்று மாலை மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது மீதியைச் சொன்னாள். குளிக்கும்போதும் அது கையில்தான் இருக்கிறதாம். ஒருநாள் குளித்துக்கொண்டிருக்கையில் வாட்சிலேயே அவன் அழைத்திருக்கிறான். எடுக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப அடித்ததாம். வெளியே அத்தா காதில் விழுமே என்று எடுத்திருக்கிறாள்.

“தண்ணி சத்தம் கேக்குதுன்னாருக்கா. வேற ஒண்ணும் சொல்லல. ஆனா போன வெக்கவும் இல்ல.”

தாழ்ப்பாள் போட்ட குளியலறைக்குள் குழாயை மூடிவிட்டு, துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாளாம். அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கும் அவளைப் பார்க்க முடியவில்லை. அந்த நாற்றம் துணிகளிலிருந்து, மாடிச் சுவரிலிருந்து, என் கையிலிருந்தே வருகிற மாதிரி இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். கல்யாணம் ஆகப்போகிற பையன் ஆசையில் பேசுவான், இதையெல்லாம் அத்தாவிடம் கொண்டுபோகாதே என்றாள். கொண்டுபோகாமல்தான் இருந்தேன்.

அதற்கப்புறம் வாட்ச் தானாகவே சாகத் தொடங்கியது. முதலில் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பிடித்த மாதிரி மங்கியது. வெயிலில் வைத்தால் தெளியும், குளித்தால் மறுபடி மங்கும். பிறகு திரையில் கோடு விழுந்தது. ஒரு காலையில் ஒன்றுமே வரவில்லை. அவன் நம்பவில்லை. ஐம்பது மீட்டர் தாங்கும் பொருள் குளியலறைத் தண்ணீரில் எப்படிக் கெடும் என்று கேட்டான். நீயாக ஏதோ செய்திருக்கிறாய் என்று அதே பஞ்சுக் குரலில் சொன்னான். நீச்சல் குளத்தில் குதிக்கிறவர்களின் விளம்பர வீடியோ ஒன்றை வேறு அவளுக்கு அனுப்பி வைத்தான்.

அதைப் புதுச்சேரியில் ஒரு சர்வீஸ் கடைக்கு நான்தான் எடுத்துப்போனேன். அங்கே இருந்த பெண் ஒரு டிஷ்யூ காகிதத்தால் ஓரத்தைப் பிடித்து அதை வாங்கிக்கொண்டாள். திறந்து காட்டினாள். உள்ளே பச்சை பூத்திருந்தது. ஐம்பது மீட்டர் என்பது ஆழம் இல்லையாம். புது வாட்சை அசையாத நல்ல தண்ணீரில் வைத்து அவ்வளவு அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்களாம், அதற்கான பேராம். சோப்பு, ஷாம்பு, சுடுதண்ணீர், ஆவி இதெல்லாம் உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தை அரித்துவிடும், பட்டையையும் தினம் கழட்டிக் கையைக் காயவிட வேண்டும், எல்லாம் கூட வந்த புத்தகத்திலேயே இருக்கிறது என்றாள். வாரன்டி கேட்டேன். தண்ணீர் உள்ளே போனதற்கு வாரன்டி கிடையாது என்றாள். பெட்டியின் மேல் பாய்ந்த அந்தப் பெண் ஞாபகம் வந்தாள். தண்ணீரைக் காட்டி விற்கிறான்கள், தண்ணீர் பட்டால் கைகழுவுகிறான்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பையை மடியில் வைக்கவே கூசியது. காலடியில் வைத்துக்கொண்டேன்.

கடைப் பெண் சொன்னதையெல்லாம் அவனிடம் நானே பேசி விளக்கலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். வீடியோ காலில் வந்தான். கேட்டுக்கொண்டான். பரவாயில்லை, இதைவிட நல்லதாக ஒன்று வாங்கிவிட்டேன், அடுத்த வாரம் ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன் என்றான். நான் தங்கையின் கையைப் பிடித்துப் போனுக்கு நேராகக் காட்டினேன். டாக்டர் கொடுத்த களிம்பையும் மீறிப் புண் அப்படியே தெரிந்தது. இதில் எப்படி மறுபடி கட்டுவது என்று கேட்டேன்.

அவன் கொஞ்சம் முகத்தைச் சுளித்துப் பார்த்தான்.

“அது ஆறட்டும். அதுவரைக்கும் இன்னொரு கையில கட்டிக்கச் சொல்லுங்க.”

எங்களுக்குப் பின்னால் அத்தா தொழுகைக்குக் கிளம்பித் தொப்பியோடு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. தங்கையின் கையை அதுவரை அவர் பார்த்ததில்லை. அவர் எதிரில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டுதான் இருப்பாள். இப்போது பக்கத்தில் வந்து அந்தக் கையை எடுத்துப் பார்த்தார். ஒரு விரலால் ஓரத்தைத் தொட்டார். அவர் முகம் கோணியது. குமட்டலா அழுகையா என்று எனக்கு விளங்கவில்லை.

“இன்னொரு கையா?” என்றார், போனைப் பார்த்து.

அவன் சலாம் சொன்னான். அத்தா பதில் சலாம் சொல்லிவிட்டு, என் கையிலிருந்த போனை வாங்கி அணைத்தார். பிறகு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, அவங்க வூட்டுக்கு நான் பேசிக்கிறேன் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். அம்மா அழுதாள். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்றே என்றாள்.

நிச்சயத்துக்குப் போட்டதையெல்லாம் வாங்கிப்போக அவனுடைய அம்மா வந்தார். மோதிரம், புடவை எல்லாம் சரிபார்த்தபின், அந்த வாட்சையும் சார்ஜரோடு கேட்டார். தங்கையே உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தாள். அவர் அதை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சட்டென்று கையைத் தள்ளிப் பிடித்து மூக்கைச் சுளித்தார்.

“இன்னா இப்பிடி வச்சிருக்கீங்க. சுத்தம் பத்தம் வேணாமா?”

“உங்க புள்ள சொன்ன மாதிரிதாம்மா வச்சிருந்தேன்” என்றாள் தங்கை.

அவர் ஒரு பிளாஸ்டிக் கவர் கேட்டார். அத்தா கடைக் கவர் ஒன்றைக் கொடுத்தார். அதில் போட்டு முடிச்சு இறுக்கி, மோதிரத்தோடு சேராமல் தனியாகப் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

தோல் தேற மாசக்கணக்கில் ஆனது. இப்போதும் மாநிறக் கையில் அந்தச் சதுரம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருக்கிறது. அம்மா இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம், போயும் போயும் ஒரு வாட்ச் விஷயத்துக்காக நல்ல சம்பந்தம் நின்றுபோனது என்று குறைப்படுகிறாள். நான் ஒருமுறை பொறுக்காமல், ஏன் இப்படி ஊருக்கே பொய் சொல்கிறாய் என்று சண்டைக்குப் போனேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தங்கைதான் என்னை அடக்கினாள்.

“வுடுக்கா. வாட்சாலதான நின்னுச்சு. அம்மா அப்பிடியே சொல்லட்டும்.”