மாட்டுத் தரகர் பூட்டிய லாரி

செங்கோடன் மாட்டுத் தரகராக மட்டும் இருந்த வரைக்கும் அவரைப் பற்றி எழுத ஒன்றும் கிடையாது. மல்லூருக்குத் தெற்கே மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு, ஓர் எருமை, ஒரு ஜோடிக் காளை, வாரத்துக்கு இரண்டு சந்தை. இப்படி எங்கள் பக்கத்தில் நூறு பேர் இருந்தார்கள். ஆனால் ஜோடி சேர்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒற்றைக் காளையோடு திண்டாடுகிறவன் வந்து நின்றால், அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், பத்தடி நடக்கவிட்டுப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அந்தியூருக்கும் ஆத்தூருக்கும் நடுவில் எங்கோ ஒரு கட்டுத்தறியில் நிற்கிற இன்னொரு காளையை நினைவிலிருந்து எடுத்துக் கொடுப்பார். உயரம், நடை, குணம், வலு எல்லாம் சரியாக இருக்கும். அவர் சம்பந்தப்பட்டதில் பொருந்தாத ஜோடி ஒன்றே ஒன்றுதான், அது அவரும் அவர் மனைவி மாரக்காளும் என்று ஊரில் சொல்வார்கள். அதை நான் சேர்க்கவில்லை, பெரியவர்கள் சேர்த்தது என்று அவர் தப்பித்துக்கொள்வார்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில், ராணுவம் விட்டுப்போன லாரிகளை ஏலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டார். அதற்குப் பிறகு மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. வைகாசியில் ஒரு நாள், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், கட்டுத்தறியில் நின்ற காரி, மயிலை என்ற இரண்டு காளைகளையும் ஓட்டிக்கொண்டுபோய் விற்றுவிட்டு ஏலத்துக்குப் போனார். அந்த இரண்டும் மாரக்காள் கன்றிலிருந்து தவிடு கரைத்து ஊற்றி வளர்த்தவை. சாயங்காலம் அவள் காட்டிலிருந்து திரும்பியபோது கட்டுத்தறியில் கயிறு மட்டும் கிடந்தது.

அவள் அழுதாள். ஒரு ராத்திரி முழுக்க அழுதாள். மறுநாளிலிருந்து புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சோறு வரும், தண்ணீர் வரும், பேச்சு மட்டும் வராது. சொல்லியே ஆகவேண்டிய சங்கதி எதுவானாலும் எருமையிடம் சொல்லுவாள். "ஏண்டி, ஊட்டுல உப்பு இல்ல, சந்தைக்குப் போறவீங்க வாங்கியாந்தாத்தான் உண்டு" என்று எருமைக்கு அறிக்கை போகும். செங்கோடன் உப்பு வாங்கி வருவார். எருமை அசைபோட்டுக்கொண்டே இருவருக்கும் பொதுவாக நிற்கும்.

ஏலத்தில் செங்கோடன் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. விலை கேட்ட அதிகாரியிடம் சந்தை வழக்கப்படி தோள் துண்டை விரித்து, அதற்குள் கையை விட்டு, அவர் விரலைப் பிடித்து ரகசியமாக விலை பேசப் போயிருக்கிறார். அந்த அதிகாரி பயந்து இரண்டடி பின்னால் போய்விட்டாராம். எப்படியோ ஒரு லாரியும் அதன் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் ஒன்றும் கைக்கு வந்தன. லாரியில் கியர் பாக்ஸ் இல்லை. பின்னச்சுக்குள் இருந்த பல்சக்கரம் நொறுங்கியிருந்தது. அந்த இரண்டையும் அதே மைதானத்தில் குவிந்து கிடந்த சாமான்களிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம் என்றார்கள். கூடப் போயிருந்தவர் சேலத்தில் பட்டறை வைத்திருந்த வெங்கடாசலம். செங்கோடனை அண்ணா என்று கூப்பிடுகிறவர், பொறுமைசாலி. பொறுமை அன்றைக்குத்தான் முதலில் சோதிக்கப்பட்டது.

லாரிக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் வலு போதாது. அந்த வேகத்தைக் கியர் பாக்ஸ் ஒருமுறை குறைத்து வலுவாக்கித் தரும். பின்னச்சு இன்னொரு முறை குறைத்துத் தரும். எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு இழுக்கும், அவ்வளவுக்கு ஓடாது. எந்தப் பாக்ஸுக்கு எந்த அச்சு என்று பார்த்துச் சேர்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சேர்ப்பது என்ற சொல்லைக் கேட்டதும் செங்கோடன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். அச்சுகளைத் திறக்கச் சொல்லிப் பல் எண்ணினார். பாக்ஸைத் திறக்கச் சொல்லிப் பல் எண்ணினார். கடைசியில் இருப்பதிலேயே மெதுவான அச்சையும், பழுதான டாங்கிகளைத் தூக்குகிற கிரேன் வண்டியிலிருந்து கழற்றிய, இருப்பதிலேயே மெதுவான பாக்ஸையும் கைகாட்டினார்.

"அண்ணா, அச்சு இருக்கட்டுமுங்க, பாரம் இழுக்க நல்லது. அதுகூட இந்தப் பாக்ஸு வேண்டாமுங்க. இதோட டாப் கியரே மத்த வண்டிக்கு மூணாவது கியருங்க" என்றார் வெங்கடாசலம்.

"ஏப்பா, நானு முப்பது வருசமா ஜோடி சேத்தறேன். ஒரு பக்கம் எருதையும் ஒரு பக்கம் கன்னுக்குட்டியையும் பூட்டுனா வண்டி நேராப் போகுமா?"

"இது மாடு இல்லீங்கண்ணா."

"இழுக்கறது எல்லாம் மாடுதான்" என்று செங்கோடன் முடித்துவிட்டார்.

வலுவோடு வலு சேர்ந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த காலம், அதனால் கரிவாயுவில் இஞ்சினை ஓட்ட, முதுகில் கரி அடுப்பு ஒன்றும் ஏறியது. வாசலில் லாரியை நிறுத்தி, முகப்பில் மஞ்சள் பூசி, இரண்டு விளக்குக்கும் நடுவில் காரியின் பழைய சலங்கையைக் கட்டினார். மாரக்காள் எருமையைத் திருப்பிக் கட்டினாள், அது அந்தப் பக்கம் பார்க்கக் கூடாதென்று.

வெண்ணந்தூரில் அரிசி மில் வைத்திருந்த வேலுசாமி, புது பாய்லர் ஒன்றுக்குச் சொல்லியிருந்தார். அது சேலம் ரயிலடிக்கு வந்து இறங்கும். அதை டிரெய்லரில் ஏற்றி மில்லில் சேர்த்தால், இனி மில் பாரமெல்லாம் செங்கோடனின் லாரிக்குத்தான் என்பது பேச்சு. அதற்கு முன்னால் வண்டியைப் பார்த்துவிடலாம் என்று, கார்த்திகையில் ஒரு நாள், வெறும் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு, வேலுசாமியை முன்சீட்டில் உட்காரவைத்துச் சேலத்திலிருந்து புறப்பட்டார்.

லாரி இழுத்தது. அதில் குறையே சொல்ல முடியாது, மலையைக் கட்டியிருந்தாலும் இழுத்திருக்கும். ஆனால் போகவில்லை. இஞ்சின் உயிர் போகிற மாதிரி கத்தியது, சக்கரம் சாவகாசமாக உருண்டது. மூன்று மைலுக்கு ஒருமுறை ரேடியேட்டர் கொதித்தது. ஒவ்வொரு கிணற்றடியிலும் நிறுத்தித் தண்ணீர் இறைத்தார்கள். மல்லூரை நெருங்கும்போது, பின்னால் ஒரு ரேக்ளா வண்டி வந்தது. பந்தயத்துக்குப் பழக்குகிற காளைகள். பக்கத்தில் வந்ததும் ஓட்டினவன் கயிற்றை இழுத்துப் பிடித்து, மரியாதையாக விசாரித்தான். "ஏனுங்க, வண்டி பழுதுங்களா? ஊருல போயி ஆரையாச்சும் வரச் சொல்லட்டுங்களா?"

"பழுதெல்லாம் இல்ல, நீ போ" என்றார் செங்கோடன். அவன் போய்விட்டான். கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டான்.

வேலுசாமி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "செங்கோடா, மார்கழி இருவதுக்குள்ள பாய்லரு என்ற மில்லுல எறங்கோணும். தையில நெல்லு வந்துரும். ஒம்பட லாரிய நம்பறதுக்கு இருவது ஜோடி மாட்டக் கட்டி இழுத்தர்றேன். அப்பறம் மில்லு பாரமும் மாட்டு வண்டிக்கே இருக்கட்டும்" என்றார்.

பாரம் போனால் போகட்டும் என்றுகூட செங்கோடன் நினைத்திருப்பார். அந்த இருபது ஜோடிதான் அவர் நெஞ்சில் போய்க் குத்தியது. பாய்லரை மாடுகள் இழுத்துக்கொண்டு அந்தத் தார் ரோட்டில் போனால், மாரக்காள் அதை வேலியோரம் நின்று பார்ப்பாள். பிறகு இந்த ஜன்மத்தில் தன்னோடு பேசமாட்டாள். ஏழு மாதமாக அவள் வாயிலிருந்து 'ஏனுங்க' என்ற ஒரு சொல் காதில் விழாமல் அவர் வாடிப்போயிருந்தார். வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்த காலத்தில் அதை ஒரு தொந்தரவாக நினைத்தவர்தான்.

அன்று சாயங்காலம் மாரக்காள் பால் கறந்துகொண்டிருந்தாள். செங்கோடன் சற்றுத் தள்ளிக் குந்தி, யாரைப் பார்த்தென்று இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். அச்சு மெதுவு, பாக்ஸும் மெதுவு, ஜோடி சரியாகத்தானே இருக்கிறது, எங்கே தப்பு என்று தெரியவில்லை என்றார். கறவைக்கு நடுவிலேயே எருமையிடம் பேச்சு ஆரம்பித்தது.

"ஏண்டி, களத்துல தாம்பு ஓட்டறப்ப பாத்திருக்கறயில்ல. நெல்லுத்தாளு மேல மாடு வட்டமாச் சுத்தும். உள்ளுக்குச் சுத்தற மாட்டுக்கு எட்டு வெக்கற எடங் கம்மி, அது மெதுவாத்தான் நடக்கோணும். வெளீல சுத்தறது வெரசா நடக்கோணும். ரெண்டும் மெதுவான மாடாப் பூட்டுனா பொழுது போகுமே தவுர நெல்லு உதுராது. வண்டியில பூட்டற ஜோடி வேற, களத்துல பூட்டற ஜோடி வேற. முப்பது வருசமாத் தரகு பண்றவீங்களுக்கு இதச் சொல்ல ஒரு எருமெ வேண்டியிருக்குது."

செங்கோடன் எழுந்துபோய், என்ன தோன்றியதோ, எருமையின் நெற்றியைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தார்.

விடிந்ததும் சேலத்தில் வெங்கடாசலத்தின் பட்டறையில் நின்றார். "அச்சு உள்மாடு, அது மெதுவாவே இருக்கட்டும். பாக்ஸு வெளிமாடு, அத வெரசானதாப் போடு."

வெங்கடாசலம் கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "இதத்தானுங்கண்ணா அன்னிக்கு நானுஞ் சொன்னேன்."

"நீ சொல்ற மாதிரி சொன்னா ஆருக்குப்பா வெளங்கும்."

இரண்டு நாளில் வேறு பாக்ஸ் ஏறியது. அதன் லோ கியர் மேடு ஏறப் போதும். டாப் கியரோ, இஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒன்றுக்கும் கொஞ்சம் கூடவே சுற்றித் தருகிற ரகம். மெதுவான அச்சுக்கு அது சரியான துணை. வேலைக்கு நடுவே வெங்கடாசலம், அமெரிக்காவில் இப்போதெல்லாம் கியரே போட வேண்டாமாம், காரே பார்த்துத் தானாக மாற்றிக்கொள்ளுமாம் என்றார். இந்தச் செய்தியை செங்கோடன் வீட்டில் காற்றோடு சொல்லிவைத்தார். "மேட்டக் கண்டா மெதுவாகி, பள்ளத்தக் கண்டா வெரசாகி, ஆருஞ் சொல்லாம தானா நடக்கறதுக்குப் பேரு மாடுடி. அதத்தான் வித்துப்போட்டு வந்தாச்சே" என்று எருமைக்குப் பதில் போயிற்று.

மார்கழி பதினெட்டாம் தேதி பாய்லர் டிரெய்லரில் ஏறியது. சேலத்தைத் தாண்டி சமதளத்தில் லாரி நன்றாக ஓடியது, ரேடியேட்டர் ஒரே ஒருமுறைதான் தண்ணீர் கேட்டது. இனி மல்லூர் மேடு ஒன்றுதான். அடிவாரத்துக்கு வந்ததும் செங்கோடன் பிரேக்கை மிதித்தார். ரோட்டோரம் மாரக்காள் நின்றிருந்தாள். தலைமேல் வேலங்கட்டை.

மேட்டில் டிரெய்லர் பின்னுக்கு வந்தால் சக்கரத்துக்கு அடியில் கட்டை போட ஆள் வேண்டும். பாய்லர் பின்னால் இழுத்தால் லாரியும் போகும், உள்ளே இருக்கிறவரும் போவார். அந்தப் பயத்தில் இரண்டு மைல் நடந்து வந்திருக்கிறாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. டிரெய்லருக்குப் பின்னால் போய், கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லோ கியரில் லாரி ஏறியது. ஓர் ஆள் நடக்கிற வேகம். மாரக்காள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். பாதி மேட்டில் இஞ்சின் ஒருமுறை முனகியபோது தன்னை அறியாமல் "ஹை, ஹை" என்று டிரெய்லரைத் தட்டினாள். சக்கரம் நிற்கவில்லை. ஓர் அங்குலம்கூடப் பின்னால் வரவில்லை. மேட்டின் முதுகு வந்தது. செங்கோடன் அடுத்த கியர் போட்டார், அதற்கடுத்ததும் போட்டார். மெதுமாடும் விரைமாடும் சேர்ந்து நடக்க, சலங்கை குலுங்க லாரி ஓட ஆரம்பித்தது. கட்டையோடு மாரக்காள் ரோட்டின் நடுவில் தனியாக நின்றாள்.

"ஏனுங்க" என்று கத்தினாள். "ஏனுங்க, நில்லுங்க."

செங்கோடன் காதில் அது விழுந்தது. சத்தியமாக விழுந்தது, பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அங்கே சமதளம்தான், நிறுத்த ஒரு தடையும் இல்லை. மனிதர் நிறுத்தவில்லை. அவள் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவர, கண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு பர்லாங்கு போனார்.

நிறுத்தியபோது அவள் மூச்சிரைக்க வந்து, கட்டையை அவர் காலடியில் போட்டுவிட்டு முன்சீட்டில் ஏறினாள்.

"ஆரோ கூப்புட்ட மாதிரி இருந்துச்சு" என்றார் செங்கோடன், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "எருமையக் கூப்புட்டயோ என்னமோன்னு இருந்துட்டேன்."

மாரக்காள் இடமும் வலமும் பார்த்தாள். சுற்றிலும் வெறும் காடு. சொல்லிவைக்க எருமை இல்லை.

"உங்களத்தானுங்க" என்றாள்.