மூட்டக்கா

கூடாரம் தைக்கும் அந்தப் பட்டறையில் அவளுடைய சொந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் மூட்டக்கா. வேலைக்குச் சேர்ந்த அன்று தலைமைத் தையல்காரர் இரண்டு கித்தான் துண்டுகளை நீட்டி, "இதை மூட்டும்மா" என்றார். அவள் மிரண்டுபோய், "தீப்பெட்டி எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்து மூட்டுவதெல்லாம் அடுப்பைத்தான். பட்டறையே வயிறு குலுங்கச் சிரித்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

துணியின் இரண்டு ஓரங்களைச் சேர்த்துத் தைப்பதைத்தான் மூட்டுவது என்பார்கள், பழைய சொல். சேர்ந்த இடம் மூட்டு. முழங்காலில் எலும்போடு எலும்பு சேரும் இடமும் அதுதான். சாக்கின் வாயை மூட்டினால் மூட்டை என்று அவளாகவே ஒன்றைக் கண்டுபிடித்து, சலவைக்கூடத்தில் கொதிகலன் பார்க்கும் கணவனிடம் சொன்னாள்.

"நீ துணியை மூட்டு, நான் நெருப்பை மூட்டுறேன். உங்கம்மாவுக்கு மூட்டு வலி. குடும்பமே ஒரே தொழில்தான் போ" என்றான் அவன்.

ஓரத்தின் மேல் ஓரத்தை ஏற்றி மடித்து, மெழுகு நூலால் இரட்டைத் தையல் போடுவதில் அவள் கை பழகிப்போனது. நாளடைவில் கூரை வேலை முழுக்க அவளிடமே வந்து சேர்ந்தது. புதிதாக வந்த மேற்பார்வையாளர் மட்டும் அவள் தலையைக் கண்டாலே பேச்சை நிறுத்திவிடுவார். 'பெரிய கொம்பன்' என்று அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பள்ளிக் கண்காட்சி ஒன்றுக்குக் கூடாரம் போட இருவரும் போயிருந்தபோது காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. கம்பத்துக் கொக்கியில் மாட்டி, கூரைத்துணி டர்ரென்று கிழிந்தது. கீழே நின்ற பிள்ளைகள் ஒதுங்கினார்கள். ஓடிவந்த கிழிசல் மூட்டில் முட்டி நின்றது. அதற்கப்புறம் இம்மியும் நகரவில்லை.

"இந்த இடத்தை யாரு தைச்சது?" என்றார் மேற்பார்வையாளர்.

"நான்தான் சார் மூட்டினேன்."

அவர் அவளையே பார்த்தார். "அதுக்குத்தான் அந்தப் பேரா? நீங்க கோள் மூட்டுறவங்கன்னுல்ல நினைச்சேன். அதான் உங்க முன்னால வாயே திறக்கல."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அதுவும் கொஞ்சம் வரும் சார். ஆனா இவ்வளவு கெட்டியா வராது."

மழை விட்டதும் ஏணியில் ஏறி, தையல் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஓர் இழைகூடப் பிரியவில்லை. நெஞ்சு நிறைந்துபோயிற்று. கிழிந்த பாகத்துக்கு அங்கேயே அளவெடுக்கத் தொடங்கினாள். கீழே மேற்பார்வையாளர் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.