மொச்சை மிட்டாய் மூட்டைகள்

நடக்கும்போதெல்லாம் உள்ளங்கால் தரையில் ஒட்டிப் பிய்ந்துவரும் அந்தப் பிசுபிசுப்புதான், திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. முன்னறை முழுக்க மிட்டாய் மூட்டைகள் கிடக்கும். மதுரை மொத்த வியாபாரிகளிடம் அவற்றை வாங்கிவந்து, சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, சாணார்பட்டி, வத்தலக்குண்டு பக்கத்துப் பெட்டிக்கடைகளுக்கு மொபெட்டில் கொண்டுபோய்ப் போடுவது அப்பாவின் தொழில். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக, மேலே மொறுமொறுப்பும் உள்ளே கொழகொழப்புமாக இருக்கும் ஜெல்லி மிட்டாய்தான் அதிகம் போகும். மொச்சைக்கொட்டை போல இருந்ததால் எங்கள் தெருவில் அதற்கு "மொச்சை மிட்டாய்" என்று பெயர். புதுச் சரக்கு வந்து இறங்கியதும் மூட்டையைப் பிரித்து, முதல் பிடியை என் தங்கை அமலியிடம்தான் அப்பா நீட்டுவார். கன்னம் உப்ப அதைச் சவைத்துவிட்டு அவள் தலையாட்டினால்தான் அவருக்கு நிம்மதி.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், அமலி குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். கவுன் தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனாள். ஆஸ்பத்திரியில், சீனி வியாதி, ஆயுசுக்கும் ஊசி போடவேண்டும் என்றார்கள். மிட்டாய் தின்றதால் வந்ததில்லை, சில பிள்ளைகளுக்கு இது தானாகவே வரும், யார்மேலும் தப்பில்லை என்று டாக்டர் சொன்னதாக அம்மா பிறகு எத்தனையோ முறை சொன்னாள். அப்பாவின் காதில் அது ஏறவே இல்லை. "மிட்டாய்க்காரர் மகளுக்கே சீனி வியாதியாம்" என்று தெருவில் பேசிக்கொண்டது மட்டும் ஏறியது.

மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கண்மாய்க் கரையில் கொட்டிவிட்டு வந்தார். முன்னறைத் தரையைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்தேய் என்று தேய்த்தார். அடுப்படியில் இருந்த சீனி டப்பாவும் வெல்லமும்கூட வெளியே போயின. தொழிலை விட்டுவிட்டு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனார். வெறும் பாலைக் குடித்துக்கொண்டு அமலி ஒருநாள், "மொச்சை மிட்டாய் இனிமே வராதாப்பா?" என்று கேட்டபோது, அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

குருத்தோலை ஞாயிறன்று காலையில் ஊசி போட்டபின் தின்ற இட்லியை அவள் வாந்தியெடுத்துவிட்டாள். பவனி முடிந்து வீடு திரும்பும்போது குருத்தோலையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. வாசல் ஏறுவதற்குள் சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து, சம்பந்தமில்லாமல் ஏதேதோ பேசினாள். அம்மா ஆட்டோ பிடிக்க ஓடினாள். பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா ஒரு டம்ளரோடு ஓடிவந்தார்.

"அண்ணே, பிள்ளைக்கு இம்புட்டு வேர்க்குதே, செத்த சீனித்தண்ணி குடுத்துப் பாப்போம்ணே."

"சீனி வியாதிக்காரப் பிள்ளைக்குச் சீனியாம்மா?" அப்பா அவர் கையைத் தட்டிவிட்டார். "நான் குடுத்துக் கெடுத்தது போதாதா?"

டம்ளர் உருண்டது. ஆட்டோ வந்து நிற்பதற்குள் அமலிக்கு வலிப்பு கண்டுவிட்டது.

மறுநாள் அவள் போய்விட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அப்பாவின் தோளில் கைவைத்து, சீனி கூடியதால் வந்ததில்லை, ஒரேயடியாகக் குறைந்ததால் வந்தது என்று விளக்கினார். "நடுக்கம் வந்ததுமே வாயில ஒரு மிட்டாயப் போட்டிருந்தாப் போதுமேய்யா. அன்னைக்கே உங்ககிட்டச் சொன்னேனே."

"சொன்னீங்களா?" என்றார் அப்பா. டாக்டர் போனபிறகும் சுவரைப் பார்த்து அதையே கேட்டுக்கொண்டிருந்தார். "சொன்னீங்களா?"

அம்மா அவரை ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. தட்டில் சோற்றை வைப்பாள், தள்ளிவைப்பாள், போய்விடுவாள். அவள் கத்தித் தீர்த்திருந்தால் அப்பா தேறியிருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது. அவளும் போய்ச் சேர்ந்து வருடங்களாகின்றன. நாங்கள் இருந்த வீட்டை இடித்துவிட்டு செல்போன் கடை கட்டியிருக்கிறார்கள். அமலியைப் படமெடுத்து வைக்கவேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அவள் முகம் எனக்கே கலங்கலாகத்தான் தெரிகிறது. குரல் சுத்தமாக மறந்துவிட்டது.

அப்பா இப்போது என்னோடு இருக்கிறார். போன வாரம் என் மகள், பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி எழுதிவரச் சொன்னார்கள் என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தாத்தா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா ஒருத்திதான் தாயி" என்றார்.

மகள் அப்படியே எழுதிக்கொண்டாள். நான் அதைத் திருத்தவில்லை.